கைப்பிடி மெக்கர்

சுற்றத் தொடங்கும்போது கைப்பிடி கனக்கும். நல்ல மாடல்களில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 சுற்றைத் தொட்டதும் உள்ளே கிளட்ச் வழுக்குவது உள்ளங்கைக்கே தெரியும். அதற்குமேல் வீரம் காட்டினாலும், 500 வோல்ட் மாடலில் 500 வோல்ட்தான். கைச்சுற்றிலேயே மின்சாரம் உண்டாக்கி மின்காப்பின் தடையை அளக்கும், பேட்டரியே இல்லாத கருவி! லண்டனின் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் நிறுவனம் 1903-இல் ‘மெக்கர்’ என்ற பெயரைப் பதிவு செய்தது.

எனக்கு அதில் பிடித்தது முள். அதைப் பூஜ்யத்துக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. கோணத்தில் பிணைந்த இரு சுருள்களில் ஒன்று மின்னழுத்தத்துக்கு, மற்றது கசியும் மின்னோட்டத்துக்கு. இரண்டின் விகிதமே அளவு. அதனால் கை சற்றுத் தடுமாறினாலும் முள் பதறாது. சும்மா இருக்கையில் எங்கேயாவது நிற்கும், பழுதென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பழையது கிடைத்தால் பேக்கலைட் பெட்டிக்கு மெருகேற்றத்தான் மனம் ஓடும். அது பிறகு. பல்சக்கரங்களில் இறுகிப்போன கிரீஸைக் கழுவி, புதிதாகத் தடவ வேண்டும். கம்யூட்டேட்டரின் கரியைத் துடைத்து, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஆர்மேச்சரை மட்டும் வெளியே இழுக்காதீர்கள். பழைய காந்தம் வலுவிழக்கும்.

வயர்களைப் பிரித்துச் சுற்றினால் முடிவிலி, சேர்த்துச் சுற்றினால் பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு, மழையில் நனைந்த பம்ப்செட் மோட்டாரை, சப்ளையைத் துண்டித்துவிட்டு, சோதிக்கலாம். முள் 1 மெகாஓமுக்குக் கீழே நின்றால் வைண்டிங் இன்னும் காயவில்லை.