செவிகொடாத் தலைமை: அகில இந்திய வானொலியின் மூன்று தடைகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஒலிபரப்பு வரலாற்றை எழுதுவோர் பலர், நிறுவனத்தின் குறைகளையெல்லாம் தீய மேலதிகாரி ஒருவர்மீது ஏற்றிவிடுவதுண்டு. அகில இந்திய வானொலியைப் பற்றிய எழுத்துகளிலும் இப்போக்கினைக் காணலாம். ஆர்மோனியத்தை விலக்கிய ஆங்கிலேயர், திரையிசையை வெறுத்த அமைச்சர், பாடகரைப் பழிவாங்கிய அமைச்சர் என மூவர் அவ்வெழுத்துகளில் இடம்பெறுவர். இவர்களின் குணங்களை விரித்துரைப்பது சுவையான வாசிப்பைத் தரலாம். நிறுவனம் ஏன் தவறியது என்பதை அது விளக்குவதில்லை. மூவர் காலத்து ஆணைகளும் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு முடிந்தன என்பதை ஒப்பிட்டு நோக்குவதே பயன்தரும் எனக் கருதுகிறோம்.

பி.பி.சி.யிலிருந்து 1935ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த லயனல் ஃபீல்டன், ஒலிபரப்புத் துறையின் முதல் கட்டுப்பாட்டாளர் ஆனார். சென்னை நிலையமும் (1938) திருச்சி நிலையமும் (1939) அவர் காலத்தில் தோன்றியவை. அவர் காலத்தின் இறுதியில், 1940 மார்ச்சில், ஆர்மோனியம் ஒலிபரப்பிலிருந்து விலக்கப்பட்டது. நிலைத்த சுருதி கொண்ட அக்கருவியில் கமகமும் நுண்சுரமும் பிறவா என்பது காரணம். டெல்லி நிலையத்தில் மேனாட்டு இசைப் பிரிவை நடத்திய ஜான் ஃபோல்ட்ஸ் முன்னரே இக்கருத்தை எழுதியிருந்தார். தாகூரும் தடையை ஆதரித்தார். எனவே இதனை அயலார் ஒருவரின் அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. வாதத்துக்கு இசையியல் வலுவுண்டு. ஆயினும் தமிழ் நாடக மேடையிலும் இசுலாமிய, சீக்கிய வழிபாட்டு இசையிலும் அக்கருவி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அதனை வாசித்துப் பிழைத்தோரின் தரப்பு, தடையை நியாயப்படுத்திய வாதத்தில் இடம்பெறவில்லை.

இரண்டாம் தடை பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த (1952–1962) காலத்தது. செவ்வியல் இசை பயின்ற அவர், திரைப்பாடல்களுக்குரிய நேரத்தைக் குறைத்தார். படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் என்பதால் அதுவும் நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமத்தைத் திரும்பப் பெற, திரைப்பாடல் அகில இந்திய வானொலியிலிருந்து மறைந்தே போயிற்று. நேயர்கள் இலங்கை வானொலிக்குச் சென்றனர். 1952 இறுதியில் அங்குத் தொடங்கி, அமீன் சயானியின் குரலால் புகழ்பெற்ற ‘பினாக்கா கீத்மாலா’ இதற்குச் சான்று. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டபோதே திரைப்பாடலுக்கு இந்திய வானொலியில் மீண்டும் உரிய இடம் கிடைத்தது.

கேஸ்கரை நகைப்புக்குரியவராகக் காட்டுவது நேர்மையாகாது. தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தோன்றியதும், ரவிசங்கரும் டி. கே. ஜெயராம ஐயரும் பங்காற்றிய வாத்திய விருந்தா உருவானதும் அவர் காலத்தில்தான். இந்திய இசையின் நலிவுக்கு முசுலிம்களைப் பொறுப்பாக்கிய அவரது பார்வையை டேவிட் லெலிவெல்ட் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளார். கொடையையும் காழ்ப்பையும் ஒருங்கே காட்டும் அக்கட்டுரை, இத்துறையில் இன்றும் முதன்மையானது. எனினும் அதன் பார்வை பெரிதும் நிருவாகத்தின்மீதே நிலைத்துள்ளது. நேயரை நடுவில் வைத்து எழுதியவர் இசபெல் ஹுவாகுஜா அலோன்சோ. அவரது ‘ரேடியோ ஃபார் தி மில்லியன்ஸ்’ (2023) என்னும் நூல் அக்குறையை நிரப்புகிறது.

மூன்றாம் தடை நெருக்கடிநிலைக் காலத்தது. அரசு விரும்பியவாறு ஒத்துழைக்க மறுத்த பாடகர் கிஷோர் குமாரின் பாடல்கள் 1976 மே மாதம் முதல் வானொலியிலும் தூர்தர்சனிலும் தடைசெய்யப்பட்டன. அப்போது துறை அமைச்சர் வித்யாசரண் சுக்லா. ஆயினும் இது அமைச்சர் ஒருவரின் தனிச்செயல் அன்று. அமைச்சகத்தின் மூத்த அதிகாரிகளும் இதில் பங்குகொண்டனர் என்பதை ஷா ஆணையத்தின் விசாரணை வெளிப்படுத்தியது. இங்கே இசையியல் வாதமும் இல்லை, பண்பாட்டு அக்கறையும் இல்லை. பழிவாங்கும் எண்ணமே இருந்தது.

இம்மூன்றையும் கால அளவில் ஒப்பிடுவது நோக்கத்தக்கது. பழியுணர்ச்சியால் பிறந்த தடை ஓராண்டளவில், நெருக்கடிநிலை நீங்கியதும் நீங்கியது. பண்பாட்டு அக்கறையால் பிறந்தது ஐந்தாண்டுகள் நீடித்தது. அறிவார்ந்த வாதத்தால் பிறந்ததோ, 1971இல் ஓரளவு தளர்த்தப்படும் வரை 31 ஆண்டுகள் நின்றது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததோ, பிழை அவ்வளவு நீண்டிருக்கிறது. கொடுமையைக் கொடுமையென எவரும் அறிவர்; நற்சுவையின் பெயரால் இடப்பட்ட ஆணையோ விரைவில் விதியாகிவிடுகிறது. விதியை இட்டவர் நாடு திரும்பிய பின்னரும் அது தொடர்கிறது. தீய தலைமை என்றதும் கொடியவரை மட்டும் தேடும் நம் வழக்கத்தை இவ்வொப்பீடு ஐயத்துக்குள்ளாக்குகிறது.

தடைகள் நீங்கிய வழியும் கருதத்தக்கது. கேஸ்கரின் பிழையைத் திருத்தியதில் கடலுக்கப்பாலிருந்த போட்டி நிலையத்துக்குப் பெரும்பங்குண்டு. கிஷோர் குமார் மீதான தடையை நீக்கியது அரசியல் மாற்றம். ஆர்மோனியத்துக்கு அத்தகைய போட்டியும் இல்லை, தேர்தலும் இல்லை. 1970இல் நடந்த கருத்தரங்கில் கலைஞரும் அறிஞரும் இருதரப்பு வாதங்களையும் முன்வைத்த பின்னரே அதற்கு வழி பிறந்தது. அக்கருத்தரங்கு 1940இலேயே நடந்திருக்கக் கூடியது. கேட்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தில், கீழிருந்து வரும் சொல்லைக் கேட்கும் வழி அமைக்கப்படாததே மூன்றுக்கும் பொதுவான குறை எனலாம்.

கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பண்பினை இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்குரிய தகுதியாக வைக்கிறார். தலைமையை அதன் சுவையாலோ நோக்கத்தாலோ அளவாமல், மறுத்துரைப்போருக்கு அது தரும் இடத்தால் அளக்கும் இவ்வளவுகோல் ஒலிபரப்புத் தலைமைக்கும் பொருந்தும். பெரும்பான்மையோர் விருப்பத்துக்கே இணங்கினால் பொது ஒலிபரப்பு வணிகமாகிவிடாதா என்று கேட்கலாம். கேட்பது வேறு, இணங்குவது வேறு. விவித் பாரதி வந்த பின்னரும் தேசிய இசை நிகழ்ச்சி நிற்கவில்லை; இரண்டும் அருகருகே ஒலித்தன. ஒன்றை வளர்க்க மற்றொன்றை அகற்ற வேண்டியிருந்ததில்லை என்பதற்கு இதுவே விடை.

பிற்காலச் சீர்திருத்தங்களையும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிடல் வேண்டும். 1978ஆம் ஆண்டின் வர்கீஸ் குழு தன்னாட்சியைப் பரிந்துரைத்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பிரசார் பாரதி 1997இல் நடைமுறைக்கு வந்தது. இவை அமைச்சரின் கையினைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள். நிலையத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கும் மேலதிகாரியிடம் அறிவிப்பாளரும் இசைக்கலைஞரும் அச்சமின்றி மறுத்துரைக்க இயலுமா என்பது இவற்றால் மட்டும் தீராத வினா.

ஊடக வரலாற்றை வகுப்பறையில் கற்பிக்கும் நாம், கேஸ்கரின் கதையை நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடலாகாது. அந்த ஆணை யார் யாரைக் கடந்து நிலையத்தை அடைந்தது, அவர்களுள் எவரால் மறுத்திருக்க இயலும், மறுத்திருந்தால் அவர் வேலை என்னவாகியிருக்கும் என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். நாளை அவர்களுள் சிலர் ஒலிபரப்பு நிலையங்களில் ஆணை பெறுவோராகவும் ஆணை இடுவோராகவும் அமரக்கூடும்.