சுவையும் தீர்ப்பும்

‘அவரவர் சுவை அவரவர்க்கு’ என்பது உலகியலில் அடிக்கடி கேட்கப்படும் தீர்ப்பு. விருந்தில் இருவர் மாறுபடும்போது இச்சொல் பூசலைத் தவிர்க்கின்றது. ஆயின் வகுப்பறையில் ஒரு செய்யுளைப் படித்த மாணவன், ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று கூறி நூலை மூடும்போது, இதே சொல் அவனுக்குக் கேடயமாகி விடுகின்றது. ‘இது பெரும்புலவர் வாக்கு, பிடித்துத்தான் ஆக வேண்டும்’ என்று ஆசிரியர் மொழிவாராயின், அவர் கேடயத்திற்கு எதிரே கோலை ஓங்கியவர் ஆகின்றார். கேடயத்திற்கும் கோலுக்கும் இடையே திறனாய்வு நிற்பதற்கு இடம் உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினாவாகும்.

தமிழில் நாவுக்கும் நூலுக்கும் சொல் ஒன்றே. அறுசுவை என்பதிலும் சுவை உண்டு. தண்டியலங்காரம் வகுத்த சுவையணியிலும் சுவை உண்டு. ஆகவே நாவின் சுவையில் மக்கள் எவ்வாறு வேறுபடுகின்றனர் என்பதை ஆராய்தல், நூலின் சுவையில் அவர்கள் வேறுபடும் வகையை அறிவதற்கும் துணைசெய்யும். இவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க நாட்டின் போர்பன் என்னும் மதுவகை ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். அதனைச் சுவைப்போர் தம்முள் ஓயாது மாறுபடுவர். அம்மாறுபாட்டின் காரணங்களும் ஓரளவு தெளிவாக அறியப்பட்டவை. அன்றியும், சுவை பற்றிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று மதுப் பீப்பாயிலிருந்தே தன் சான்றை எடுத்துக்கொண்டது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தோர் இதனைக் குடிக்கு அளிக்கும் பரிந்துரையாகக் கொள்ளார் என்பது சொல்லாமலே விளங்கும்.

மதுவின் இயல்பு

போர்பன் அமெரிக்காவிற்கே உரிய தனிப்பொருள் என்று அந்நாட்டுப் பேரவை 1964ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது. அதனை வடிக்கும் தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்கேனும் மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். வடித்தது, உட்புறம் தீயில் கரியாக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலத்தில் சேமிக்கப்படுதல் வேண்டும் என்பன விதிகள். எஞ்சிய பங்கில் பெரும்பாலும் ரை என்னும் தானியமும், முளைகட்டிய பார்லியும் இடம்பெறும். சிலர் ரைக்கு மாற்றாகக் கோதுமையைச் சேர்ப்பர். இப்போர்பனின் பெரும்பகுதி கென்டக்கி மாநிலத்திலேயே உருவாகின்றது.

இவ்விதிகளுக்குள்ளேயே வேறுபாடுகள் பல பிறக்கின்றன. ரை மிகுந்தால் மிளகை ஒத்த காரம் தோன்றும். கோதுமை சேர்ந்தால் மென்மையும் இனிப்பும் மேலோங்கும். கரியுண்ட மரம் வனிலாவை ஒத்த மணத்தையும், காய்ச்சிய சர்க்கரையின் சாயலையும் தருகின்றது. ஆண்டுகள் கூடக்கூட மரத்தின் துவர்ப்பும் கசப்பும் ஏறும். எனவே பதினைந்து ஆண்டு முதிர்ந்ததைப் போற்றுவார் ஒருவர். அதில் மரத்தையன்றி வேறெதையும் காணவில்லை என்று ஒதுக்கி, ஆறாண்டு முதிர்ந்ததை நாடுவார் மற்றொருவர். இருவர் நாவும் பிழைபட்டன அல்ல. இருவரும் உணர்ந்தது ஒரே மரத்தைத்தான். உணர்ந்ததை ஒருவர் விரும்பினார், மற்றவர் விரும்பவில்லை.

ஹியூமின் சாவி

ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் சுவையின் அளவுகோல் குறித்து 1757ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். செர்வாண்டிஸ் எழுதிய டான் குவிக்சோட் நூலில் சாங்கோ பான்சா கூறும் கதை ஒன்றை அவர் அதில் எடுத்தாண்டார். சாங்கோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் மதுவைப் பற்றிக் கருத்துக் கேட்கின்றனர். மது நன்று, ஆயினும் தோலின் சுவை சிறிது உள்ளது என்கின்றார் ஒருவர். நன்றுதான், ஆனால் இரும்பின் சுவை உள்ளது என்கின்றார் மற்றவர். கேட்டோர் இருவரையும் எள்ளி நகைக்கின்றனர். பீப்பாய் காலியானபோது, அதன் அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கின்றது.

இக்கதையால் ஹியூம் நிறுவ முயன்றது யாது? சுவைக்கும் திறன் எல்லார்க்கும் ஒன்றன்று. நுண்ணிய நாவினர் உணர்வதைப் பிறர் உணராமையால் அஃது இல்லையென்று ஆகிவிடாது என்பதே. தெளிந்த அறிவு, நுண்ணுணர்வு, இடையறாப் பயிற்சி, ஒப்பிட்டு நோக்கும் வழக்கம், முன்முடிவு இன்மை ஆகிய ஐந்தும் உடையோரே நல்ல நடுவர் என்று அவர் இலக்கணம் வகுத்தார். ஆசிரியர் தொழிலுக்கு இவ்விலக்கணம் மிகவும் பொருந்துவதாகும். பயிற்சியால் நா கூர்மை பெறுமாயின், செவியும் சிந்தையும் பெறும். பயிற்றுவித்தலுக்குப் பொருளும் உண்டு.

ஆயினும் கதையை மீண்டும் நோக்குவார்க்கு ஓர் இடைவெளி புலப்படும். பீப்பாயின் அடியில் கிடைத்த சாவி, அவ்விருவரும் உணர்ந்தது உண்மை என்பதை மெய்ப்பித்தது. உணர்ந்தது குறையா நிறையா என்பதை மெய்ப்பிக்கவில்லை. தோலின் சாயலை அவ்வுறவினர் குறையாகக் கொண்டனர். முதிர்ந்த போர்பனைச் சுவைப்போரோ, தோலை ஒத்த மணம் உள்ளது என்பதைப் பாராட்டாகவே மொழிகின்றனர்! நாவு அறிந்த பொருள் ஒன்று. அதற்கு இடப்பட்ட மதிப்பு வேறு. கண்டறிதலுக்குச் சான்று காட்டலாம். காதலித்தலுக்குச் சாவி இல்லை. இவ்விரண்டையும் ஒரே கதையில் கட்டியதே ஹியூமின் வாதத்தில் உள்ள நெகிழ்ச்சி எனலாம்.

இந்நெகிழ்ச்சியை அவரும் முற்றும் அறியாதவர் அல்லர். மனிதரின் தனி மனப்பாங்கும், அவரவர் காலமும் நாடும் விளைக்கும் வேறுபாடுகளை எந்த அளவுகோலாலும் நீக்க இயலாது என்று கட்டுரையின் பிற்பகுதியில் அவர் ஒப்புக்கொள்கின்றார். இருபது வயதில் ஆவிடும், நாற்பதில் ஹோரசும், ஐம்பதில் டாசிடசும் உவந்த ஆசிரியர் ஆகலாம் என்று அவர் காட்டும் எடுத்துக்காட்டு, ஆசிரியர்கள் நெஞ்சில் நிறுத்தத் தக்கது. ஐம்பது வயதினர் தம் விருப்பத்தை இருபது வயதினர்க்கு அளவுகோலாக நீட்டுதல் தகாது என்பது அதன் உட்கிடை.

நாவிலும் வேற்றுமை

ஹியூம் காலத்தில் அறியப்படாத செய்தி ஒன்றை இருபதாம் நூற்றாண்டு வெளிப்படுத்தியது. 1931ஆம் ஆண்டில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பரவியது. அருகிருந்தவர் அது கடுங்கசப்பு என்றார். ஃபாக்சுக்கோ சுவையே தெரியவில்லை. அவ்வேறுபாடு பிறப்பிலேயே அமைவது, வழிவழி வருவது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆக, ஒரே கிண்ணத்திலிருந்து பருகும் இருவர், ஒரே கசப்பையே உணர்கின்றனர் என்று கொள்வதற்கில்லை. மரத்தின் கசப்பை ஒருவர் பொறுப்பதும் ஒருவர் வெறுப்பதும் ஓரளவு உடலின் செயலாகவும் இருத்தல் கூடும். பிறர் நாவை அறியாமை என்று பழிக்கும் முன் தயங்குதற்கு இஃது ஒரு காரணமாகும்.

பெர்சியின் மறுதலை

ஹியூமிற்கு நேர் எதிர்நிலையில் நிற்பவர் அமெரிக்கத் தென்மாநிலப் புதின ஆசிரியர் வாக்கர் பெர்சி. 1975ஆம் ஆண்டில் போர்பன் குறித்து அவர் எழுதிய சிறு கட்டுரை, வல்லுநர் என்னும் தகுதியைத் தொடக்கத்திலேயே துறந்துவிடுகின்றது. மிக இழிந்ததாயினன்றி ஒரு போர்பனை மற்றொன்றிலிருந்து பிரித்தறிதல் தமக்கு அரிது என்கின்றார் அவர். அதன் இன்பம் அழகியலைச் சார்ந்ததே. ஆயினும் வல்லுநரின் நுட்பத்திற்கு எதிர்த்திசையில் உள்ளது என்பது அவர் கோட்பாடு. பெர்சி மருத்துவப் பட்டம் பெற்றவர்; குடியால் ஈரலுக்கும் உணவுக்குழாய்க்கும் விளையும் கேட்டினை அவர் மறைக்கவும் இல்லை.

அங்ஙனமாயின் அவர் போற்றுவது எதனை? வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதனைச் சூழும் வெறுமையையும், அவ்வெறுமையைத் தணிக்கும் ஒரு மிடற்றின் சூட்டையும் அவர் பேசுகின்றார். மதுவிலக்கு நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டில், பர்மிங்காம் நகரத்து இல்லத்தின் நிலவறையில் தந்தையார் சிறு பீப்பாயில் போர்பனை முதிரவைத்ததையும், தரையில் மண்டியிட்டுக் குழாயால் அதனை உறிஞ்சி எடுத்ததையும் சிறுவனாக நின்று கண்ட காட்சியை நினைவுகூர்கின்றார். மூன்றாண்டுகள் கழித்து அத்தந்தையார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பது பெர்சியின் வரலாற்றை அறிந்தோர் அறிவர். அந்நினைவோடு அவர் அருந்தியதை, நூற்றுக்கு எத்தனை பங்கு சோளம் என்ற கணக்கால் யார் அளக்க வல்லார்?

எனினும் பெர்சியின் கோட்பாடும் முழுமையுடையதன்று. நினைவே சுவை என்று கொண்டுவிட்டால், நினைவு இல்லாதவர்க்குச் சொல்வதற்கு எதுவும் இராது. பெர்சியோ அமைதியாகப் பருகிவிட்டுப் போகவில்லை, கட்டுரை எழுதினார். தரையில் மண்டியிட்ட தந்தையை வருணித்து, அந்நிலவறையைக் காணாதவரையும் காணச் செய்தார். தம் சுவைக்குக் காரணம் காட்டவும், அக்காரணத்தைப் பிறர் உணருமாறு கூறவும் அவரால் இயன்றது. மிக இழிந்ததைத் தம்மால் அறிய முடியும் என்று அவர் ஒப்பியதிலும் ஓர் அளவுகோல் மறைந்து நிற்கின்றது. வல்லுநரை வாயிலில் தடுத்தவர், கொல்லைப்புறமாக அவரைச் சிறிது உள்ளே விட்டார் எனலாம்.

இரண்டும் மோதிய நிகழ்ச்சி

இவ்விரு நோக்குகளும் நேருக்கு நேர் நின்ற நிகழ்ச்சி ஒன்று 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேர்ந்தது. மேக்கர்ஸ் மார்க் என்னும் கென்டக்கி நிறுவனம், தேவை மிகுந்து இருப்புக் குறைந்தமையால், தன் போர்பனின் மதுச் செறிவை நூற்றுக்கு 45 பங்கிலிருந்து 42 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. சுவையில் மாற்றம் இராது என்றும் உறுதி கூறியது. வாடிக்கையாளர் கொதித்தெழுந்தனர். ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்று, பழைய செறிவையே நிலைநிறுத்தியது.

எதிர்த்தோரில் பலர் புதியதைச் சுவைத்துப் பாராமலே எதிர்த்தனர். ஆதலின் அவர்கள் எதிர்ப்பு பொருளற்றது என்று ஹியூமின் நடுவர் தீர்ப்பளிக்கலாம். தம் வாழ்வோடு பிணைந்த ஒன்றில் பிறர் கைவைத்தமையால் எழுந்த சினம் அஃது என்று பெர்சி விடையிறுக்கலாம். உண்மையில் அங்கு இரு வினாக்கள் இருந்தன. மூன்று பங்கு குறைந்தால் சுவை மாறுமா என்பது ஒன்று. அதனைச் சுவைத்தே அறிதல் வேண்டும். மாறாவிடினும் மாற்றலாமா என்பது மற்றொன்று. அதனை நாவு தீர்க்காது. ஒன்றற்குரிய விடையை மற்றதற்குக் கூறியமையே நிறுவனத்தின் தடுமாற்றம்.

பிறர் நாவால் சுவைத்தல்

ஹியூமின் நடுவரிடமும் பெர்சியின் நினைவிலும் ஒரு நேர்மை உண்டு. நேர்மை இல்லாத மூன்றாம் வகை ஒன்றுளது. விலையையும் பெயரையும் பார்த்துச் சுவைத்தல் அதுவாகும். பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், மதுவியல் பயின்ற 54 மாணவர்க்கு மணமற்ற சாயத்தால் செந்நிறம் ஊட்டப்பட்ட வெண்திராட்சை மது அளிக்கப்பட்டது. அவர்கள் அதனைச் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கண் கண்டதை நா ஒப்பித்தது. கிடைத்தற்கரிய போர்பனுக்குப் பெரும்பொருள் கொடுத்து, அதன் பெருமையைப் பிறர் வாய்மொழியாகவே உரைப்போரும் இவ்வகையினரே. இவர்களின் சுவை பிறரின் சுவையிலிருந்து வேறுபடுவதே இல்லை; ஏனெனில் அஃது அவர்களுடையதன்று.

தமிழ் வகுப்பறைக்கு இவ்விடத்தே எச்சரிக்கை உண்டு. உரைநூலில் கண்ட ‘அரிய உவமை’, ‘ஆழ்ந்த கருத்து’ என்னும் தொடர்களைத் தேர்வுத்தாளில் எழுதி முழுமதிப்பெண் பெறும் மாணவன், சாயமூட்டிய மதுவைச் செம்மது என்று போற்றியவனின் உடன்பிறப்பே ஆவான். ‘பிடிக்கவில்லை’ என்று துணிந்து கூறும் மாணவன் அவனினும் ஒருபடி உயர்ந்தவன். தன் நாவைக் கொண்டேனும் அவன் சுவைத்தான். அவனிடம் கோலை ஓங்குதல் வேண்டா, ‘எது பிடிக்கவில்லை? எந்த அடியில்? எந்தச் சொல்லில்?’ என்று வினவுதல் வேண்டும். தோலோ இரும்போ, தான் உணர்ந்ததைச் சுட்டிக்காட்ட அவன் பழகுதல் வேண்டும். சுட்டிக்காட்டிய பின்னும் அவன் அச்செய்யுளை விரும்பாதிருத்தல் கூடும். அதனால் இழுக்கில்லை.

கண்டறியும் திறனைக் கற்பிக்கலாம். கற்பித்தல் ஆசிரியர் கடன். விரும்பும் உரிமை மாணவனுடையது. அதனைப் பறித்தல் எவர்க்கும் ஆகாது. ‘அவரவர் சுவை அவரவர்க்கு’ என்னும் சொல் உரையாடலின் முடிவில் வருமாயின் அஃது அறிவின் அடக்கம். தொடக்கத்திலேயே வருமாயின் அஃது அறிவின் சோம்பல்.