காதால் எழுதிய திரைக்கதைகள்

2023இல் ஹாலிவுட்டின் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படியொன்று நடக்க வழியில்லை. திரைக்கதை எழுதி அடுப்பெரிக்கலாம் என்று இங்கே யாரும் நம்பியதில்லை. வேறு வேலை பார்த்தவர்கள்தான் இடையிடையே படத்துக்கும் எழுதினார்கள். அவர்களில் பலருடைய பேனா பழகிய இடம் வானொலி. யாழ்ப்பாணத்துத் திரைக்கதையின் பலமும் பலவீனமும் அங்கிருந்தே வந்தன.

சில்லாலையைச் சேர்ந்த சில்லையூர் செல்வராசன் ‘தணியாத தாகம்’ கதையைத் திரைப்படத்துக்கென்றே எழுதி, 1971இல் நூலாக்கினார். படம் வரவில்லை. ஆனால் அதே கதை இலங்கை வானொலியில் தொடர் நாடகமாகி வீடுவீடாக நுழைந்தது. கண்ணுக்காக எழுதியது காதுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பக்கமாகவும் பயணம் நடந்தது: எஸ். ராம்தாஸின் வானொலிச் சிரிப்புத் தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமானது.

1977இல் வந்த ‘பொன்மணி’ தனிவகை. ஊர்காவற்றுறைக்காரரான காவலூர் இராசதுரை எழுதினார். தர்மசேன பத்திராஜ இயக்கினார். சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை என்ன பாடுபடுத்துகின்றன என்பதே கதை. இராசதுரையும் வானொலி அறிந்தவர்தான். ஆனாலும் படம் வளவளவென்று பேசவில்லை. முற்றமும் வேலியும் தெருவும் கதையில் பங்கெடுக்கின்றன. சிங்கள இயக்குநரின் கண்ணும் தமிழ் எழுத்தாளரின் காதும் சேர்ந்ததால் கிடைத்த நன்மை இது என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் படங்களில் ஊறிய அன்றைய ரசிகர்கள் இதைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை.

எல்லா ஊடகத்திலும் கால்வைத்தவர் என்றால் கரவெட்டியின் கே.எஸ். பாலச்சந்திரன். ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பில் பஸ் கொண்டக்டராக அவர் போட்ட சத்தம் மேடையிலிருந்து ஒலிநாடாவுக்குப் போய், புலம்பெயர்ந்தவர்களின் வீடுகள் வரை கேட்டது. வானொலிக்கு ‘வாத்தியார் வீட்டில்’ எழுதினார். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான ‘வாடைக்காற்று’ (1978) படத்தில் நடித்தார். பிறகு கனடா, அங்கும் நாடகம், தொலைக்காட்சி என்று ஓயவில்லை. 2014இல் காலமானார். கரவெட்டி அடங்கிய வடமராட்சிப் பகுதிப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அவரைப்போல் பிடித்தவர்கள் குறைவு. அவருடைய பாத்திரங்களைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம். பாராட்டும் அதுதான், குறையும் அதுதான்.

ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. தொலைக்காட்சி எழுத்து இங்கே ஒரு தொழிலாக வளர்ந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டே தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரம், பிறகு போர். 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து இந்தியாவுக்குப் போன பாலு மகேந்திராவுக்கோ சினிமாவும் கிடைத்தது, சன் தொலைக்காட்சியில் தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கிய ‘கதை நேர’மும் கிடைத்தது.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி வானொலி வழியாக வந்தவரல்லர். பிரான்சில் அகதியாக இருந்து ‘கொரில்லா’ போன்ற நாவல்களை எழுதியவர். லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ திரைக்கதையில் அவருக்குப் பங்குண்டு. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வென்ற ‘தீபன்’ படத்திலோ அவர் கதாநாயகன். திரைக்கதையை இயக்குநர் ஜாக் ஓடியாரும் இரு பிரெஞ்சு எழுத்தாளர்களும் எழுதினார்கள். எழுத்தாளரை உலகம் நடிகராகத்தான் முதலில் அறிந்துகொண்டது.

இன்று யாழ்ப்பாணத்தில் குறும்படங்களுக்குப் பஞ்சமில்லை. மதிசுதா ‘வெந்து தணிந்தது காடு’ முழுநீளப் படத்தை ஐபோனிலேயே எடுத்து முடித்தார். கமெரா மலிந்துவிட்டது. எழுதியவரே இயக்கி, சிலவேளை நடிக்கவும் செய்வதால் திரைக்கதைக்கென்று தனிச் சம்பளம் இன்னும் பிறக்கவில்லை. பல குறும்படங்களில் ஒரு பாத்திரம் அழுதுகொண்டே தன் துயரத்தை விளக்கியும் சொல்கிறது. வானொலி நாடகத்தில் அது தேவைப்பட்டது.