தட்டானும் தட்டாரும்

திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் 1910இல், புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் தொடங்கியது. விலங்கியல் பிரிவும் நாணயப் பிரிவும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உயிரையும் உலோகத்தையும் ஒரே நடையில் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு, இப்போது கடைகளில் பெருகியிருக்கும் பூச்சி வடிவ வெள்ளி நகைகளின் குறையும் நிறையும் சட்டென்று பிடிபடும்.

முதலில் நிறை. தட்டான் என்ற சொல் நம்மிடம் பூச்சிக்கும் பெயர், நகை செய்கிறவருக்கும் பெயர். வெள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சி இல்லை. அதன் இறக்கை கண்ணாடி போன்றது. அழகெல்லாம் நரம்புப் பின்னலில் இருக்கிறது. வெள்ளியை அச்சில் இழுத்து மெல்லிய கம்பியாக்கி, வளைத்து, வெங்காரமும் பொடியும் வைத்து ஊதிப் பற்றவைக்கும் கம்பி வேலையில் அந்தப் பின்னல் அப்படியே எழும். கட்டாக்கிலும் கரீம்நகரிலும் இந்தக் கை இன்றும் பேர்போனது. நாளாக ஆக வெள்ளி கறுப்பதும் இங்கே நன்மைதான்; பள்ளத்தில் கறுப்பு தங்கினால் நரம்புகள் இன்னும் துலங்கும்.

பொன்வண்டு அப்படி இல்லை. தீப்பெட்டியில் அதை வளர்த்தவர்களுக்கு அந்தப் பச்சை மறக்காது. 19ஆம் நூற்றாண்டில் அதன் இறக்கை ஓடுகளையே வெட்டி மஸ்லினில் தைத்துச் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நிறத்தை எடுத்துவிட்டால் பொன்வண்டில் மிஞ்சுவது ஒரு பொத்தான். வெள்ளியில் வரும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இதே கதிதான்.

பெரிய குறை வேறு. செய்கிறவர்கள் பூச்சியைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறார்கள். பூச்சிக்குக் கால்கள் ஆறு. ஆறும் நெஞ்சுப் பகுதியிலிருந்து கிளம்பும். நான் கையில் எடுத்துப் பார்த்த பதக்கங்களில் பாதிக்கு மேல் கால்கள் வயிற்றில் ஒட்டியிருந்தன. தட்டான் உட்காரும்போதும் இறக்கையை விரித்தே வைத்திருக்கும்; முதுகின்மேல் மடித்துக்கொள்வது ஊசித்தட்டான். இரண்டையும் குழப்பிய நகை எனக்கு உயிரில்லாததாகத்தான் படுகிறது. மெழுகு அச்சில் நூறாக வார்த்து, மெருகு மட்டும் கையால் ஏற்றிவிட்டுக் கைவினை என்று சீட்டு ஒட்டுவது அதைவிட வருத்தம் தருகிறது.

நம் முன்னோர் வேறு வழியில் போனார்கள். தென்மாவட்டப் பாட்டிமார் வளர்த்த காதில் பாம்படம், தண்டட்டியோடு பூச்சிக்கூடு என்றும் ஒரு நகை உண்டு. பூச்சியின் உடலை விட்டுவிட்டு, அது கட்டும் கூட்டின் பெயரை நகைக்கு வைத்த மனம் அது. தோளில் உரசினாலும் சேலையில் மாட்டும் காலோ கொடுக்கோ பாம்படத்தில் இல்லை. உருண்டையும் சதுரமுமாகத் தகடு, உள்ளே அரக்கு. அந்த அரக்கும் ஒரு பூச்சி சுரந்ததுதான். இதற்கு எதிர்முனையில், பிரான்சின் நகைக் கலைஞர் ரெனே லாலிக் 1897–98இல் செய்த தட்டான்பெண் மார்புப்பதக்கம் லிஸ்பனில் குல்பெங்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னும் எனாமலும் சேர்ந்த அற்புதம். ஆனால் ஒரு சாணுக்கும் கூடுதலான அகலம். கண்ணாடிப் பேழைதான் அதற்கு ஏற்ற இடம். உடுத்திக்கொள்ளும் பொருள் என்ற அளவுகோலில் நான் நம் பாட்டிமார் பக்கம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பட்டறைக்காரரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. வெள்ளியை நாம் எடைக்கு வாங்கிப் பழகியவர்கள். கனத்த கொலுசுக்கு மறுபேச்சில்லாமல் பணம் தருகிறோம். சில கிராம் கம்பியில் இறக்கை பின்னிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவரிடம் கூலியைக் குறைக்கச் சொல்கிறோம். பிறகு அவர் ஏன் பின்னுவார்? அச்சில் வார்க்கத்தான் போவார்.

அடுத்த முறை ஒரு வெள்ளித் தட்டானை வாங்கப் போனால் அதைத் திருப்பிப் பாருங்கள். கால்கள் சரியான இடத்தில் இருந்து, இறக்கை கம்பியால் பின்னியதாகவும் இருந்தால், தராசைப் பார்க்காமல் கேட்ட கூலியைக் கொடுங்கள்.