வளைவில் வேகம்: கூம்புத் திடலுக்கு இரு பழைய நூல்கள்
(நூல் மதிப்புரை)

கார் ஓட்டத் தெரிவது வேறு. காரை அதன் ஆற்றலின் எல்லைவரை ஓட்டத் தெரிவது வேறு. இந்த வேறுபாட்டை விநாடிக் கணக்கில் அளந்து காட்டும் விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் பரவலாக நடைபெறுகிறது. அதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். பரந்த வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமானத்தளத்திலோ பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு, வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை அமைக்கிறார்கள். கார்கள் ஒன்றோடொன்று முந்திச் செல்வதில்லை. ஒவ்வொருவரும் தனியே ஓட்டிக் கடிகாரத்தோடுதான் போட்டியிடுகிறார். 1944இல் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ்கார் கழகத்தின் விதிப்படி, தட்டப்படும் கூம்பு ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி கூட்டப்படும். அக்கழகம் இவ்விளையாட்டுக்கான முதல் தேசியப் போட்டியை 1973இல் நடத்தியது.

இதில் புதிதாக இறங்குபவர் தம் திறமையை எவ்வாறு வளர்த்துக்கொள்வது? உயர்ந்த டயரும் ஆற்றல்மிக்க எஞ்சினும் வாங்கினால் போதும் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறு எண்ணாமல் அறிவைத் தேடுவோருக்கு இரு பழைய நூல்களை எடுத்து ஆராய்வோம். இரண்டும் பெரும் பந்தயங்களைக் கருதி எழுதப்பட்டவை. ஆட்டோகிராஸுக்கென எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் ஒன்று காரின் இயற்பியலையும் மற்றொன்று ஓட்டுபவரின் மனத்தையும் அடிப்படையிலிருந்து பேசுகின்றன.

முதல் நூல் இத்தாலியரான பியரோ தரூஃபி எழுதிய 'மோட்டார்ப் பந்தய நுட்பம்'. இதன் ஆங்கிலப் பதிப்பு 1959இல் வெளிவந்தது. தரூஃபி ஒரு பொறியாளர். 1952இல் சுவிட்சர்லாந்து கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்றவர். வளைவில் செல்லும் காரைப் படங்களாலும் கணக்குகளாலும் விளக்குகிறார். டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. பிரேக் பிடிப்பதற்கும் திரும்புவதற்கும் அந்த ஒரே உராய்வைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முழுவதையும் பிரேக்குக்கே செலவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. புதியவர் பெரும்பாலும் செய்யும் பிழை இதில்தான் இருக்கிறது. மிகுந்த வேகத்தோடு வளைவுக்குள் நுழைகிறார். கார் திரும்ப மறுக்கிறது. உடனே ஸ்டீயரிங்கை மேலும் திருப்புகிறார். ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிவிட்ட முன் டயர்களுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. இதை விளங்கிக்கொள்ளத் தரூஃபியின் வழி மிகச் சிறந்தது.

ஆனால் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாமா? பந்தயச் சாலை வளைவில், இருக்கும் அகலம் முழுவதையும் பயன்படுத்திப் பெரிய ஆரமுள்ள வில்லில் செல்க என்பது அடிப்படை விதி. ஆரம் கூடினால் வேகம் கூடும். சாலை வளைவில் இது பெரும்பாலும் பொருந்தும். கூம்புத் திடலில் நிலைமை என்ன? நீங்களே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள்.

ஒரு கூம்பைச் சுற்றி அரைவட்டம் திரும்ப வேண்டும் என்று கொள்வோம். உராய்வுக் கெழு 1 எனக் கொண்டால், உச்ச வேகம் என்பது ஆரத்தை 9.8ஆல் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம் ஆகும். ஆரம் 10 மீட்டர் எனில் விநாடிக்கு 9.9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ. ஆரம் 12 மீட்டர் எனில் மணிக்கு 39 கி.மீ. வேகமானிப்படி இரண்டாவதே மேல். ஆனால் முதல் பாதையின் நீளம் 31.4 மீட்டர், இரண்டாவது 37.7 மீட்டர். ஆகவே முதலாவதற்கு ஏறத்தாழ 3.2 விநாடியும் இரண்டாவதற்கு 3.5 விநாடியும் ஆகின்றன. வேகமாகச் சென்றவர் பிந்திவிட்டார்! வளைவுக்குப் பின் நீண்ட நேர்பாதை இருந்தால், கூடுதல் வேகம் இழந்த நேரத்தை மீட்டுத் தரலாம். கூம்புத் திடலிலோ அடுத்த கூம்பு இருபது முப்பது மீட்டரில் நிற்கும். எனவே தரூஃபியிடமிருந்து விதியைப் பெற்றுக்கொள்வதைவிடக் கணக்கிடும் முறையைப் பெற்றுக்கொள்வதே நல்லது.

இரண்டாவது நூல் 1958இல் வெளியான 'பந்தய ஓட்டுநர்'. எழுதியவர் ஆங்கிலேயரான டெனிஸ் ஜென்கின்சன். 1955இல் இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயமாகிய மில்லே மில்யாவில், வெற்றி பெற்ற ஸ்டர்லிங் மாஸின் அருகே அமர்ந்து சென்றவர். அன்று சராசரி வேகம் மணிக்கு 157 கி.மீ.க்கும் அதிகம். ஓட்டுநரின் முயற்சியைப் பத்தில் இத்தனை பங்கு என்று ஜென்கின்சன் அளக்கிறார். தம் ஆற்றல் முழுவதையும் செலுத்துவது பத்துக்குப் பத்து. சிறிது இருப்பு வைத்துக்கொள்வது பத்துக்கு ஒன்பது. கற்பவருக்கு இது பயனுள்ள சிந்தனை. ஆனால் புதியவருக்குத் தம் பத்து எதுவென்றே தெரியாதே! டயர்கள் அலறினால் அதுவே பத்து என்று அவர் நம்புகிறார். கடிகாரமோ, அமைதியாக ஓட்டிய முந்தைய ஓட்டமே விரைவானது என்று காட்டுவதுண்டு.

இந்நூலைவிட ஜென்கின்சனின் செயல் ஒன்று புதியவருக்கு நல்ல பாடம் எனலாம். அந்தப் பந்தயப் பாதையை முன்கூட்டியே சுற்றிப் பார்த்து, வளைவுகளின் குறிப்புகளை நீண்ட காகிதச் சுருளில் எழுதி, ஓட்டத்தின்போது கைச் சைகையால் மாஸுக்கு உணர்த்தினார். மாஸ் போன்ற மேதைக்கே முன்னறிவு தேவைப்பட்டது. ஆட்டோகிராஸில் ஓட்டத்துக்கு முன் பாதையை நடந்து பார்க்க இடமளிக்கிறார்கள். கண்ணை மூடினால் முழுப் பாதையும் மனத்தில் ஓட வேண்டும். அதுவரை நடப்பதே முதல் பயிற்சி. பாதை மனத்தில் பதிந்தால்தான் பார்வை அருகிலுள்ள கூம்பில் சிக்காமல் அடுத்த கூம்புக்குச் செல்லும்.

இரு நூல்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எல்லை எங்கே என்பதை, அதைச் சிறிது தாண்டிப் பார்த்தே அறிய முடியும். தாண்டுவதற்கு என்ன விலை? 1957 மே 12 அன்று மில்லே மில்யாவில் வென்றவர் தரூஃபியே. அதே பந்தயத்தில் தே போர்த்தாகோவின் காரில் டயர் வெடித்தது. அவரும் உடன் சென்றவரும், பார்வையாளர் 9 பேரும் மாண்டனர். அவர்களுள் 5 பேர் குழந்தைகள். பொதுச்சாலையில் முழு வேகப் பந்தயமாக மில்லே மில்யா அத்துடன் முடிந்தது. அத்தகைய உலகைக் கருதி எழுதிய நூல்கள், 'பிழை செய்து கற்றுக்கொள்' என்று புதியவரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

கூம்புத் திடல் அதைச் சொல்ல முடிகிறது. அங்கே பிழையின் விலை பெரும்பாலும் 2 விநாடிதான். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல், ஓர் ஓட்டத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் பிரேக்கைச் சற்று முன்னதாகப் பிடியுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓட்டத்தில் கூம்பை நெருங்கிச் செல்லுங்கள், மீண்டும் குறியுங்கள். தேசியப் போட்டியில்கூட ஒரு பாதைக்கு மூன்று ஓட்டங்களே கிடைக்கும். ஒரே ஓட்டத்தில் நான்கை மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய வழியிராது.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாலையின் அகலம் முழுவதையும் பயன்படுத்துவது மூடப்பட்ட பாதைக்கே உரியது. பொதுச்சாலையில் அப்பால் உள்ள பாதி, எதிரே வருபவருக்கு உரியது. அங்கே உங்கள் பிழைக்கு உயிரை விலையாகக் கொடுப்பவர், உங்கள் பயிற்சியைப் பற்றி ஏதும் அறியாத வேறொருவராக இருக்கலாம்.

தரூஃபியின் நூலைக் காகிதமும் பென்சிலுமாகப் படியுங்கள். ஜென்கின்சனின் நூலை முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு படியுங்கள். அப்போதுதான் அவர் கூறும் பத்தின் பொருள் விளங்கத் தொடங்கும். புதிய டயரை அதற்குப் பிறகு வாங்கலாம்.