வெள்ளாட்டி கேட்ட வரம்

ஜாவாவில் இஸ்லாமியப் பாடம் உள்ளூர்ச் சந்தத்திலும் வயாங் நிழற்கூத்திலும் வளர்ந்ததைச் சமய வரலாற்றாளர்கள் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள். தமிழில் அதற்கு இணை மசலா இலக்கியம். மசலா என்றால் கேள்வி. யூத அறிஞர் இப்னு சலாம் நபிகளிடம் கேள்வி கேட்டுத் தெளிந்து இஸ்லாத்தை ஏற்கும் அரபுக் கதை, ஜாவாவில் 'சமுத்' என்ற பாடல் நூலாயிற்று. தமிழில் அதே கதை வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'வாக 1572இல் மதுரையில் அரங்கேறியது. 'அதிசய புராணம்' என்றும் அதற்குப் பெயர். தமிழ், மலாய், ஜாவானிய வடிவங்களை ஒப்பிட்டு ரோனித் ரிச்சி 2011இல் ஒரு நூலே வெளியிட்டார். மண்ணின் வடிவம் எல்லோரையும் அரவணைத்தது என்பது பொதுவான பேச்சு. எல்லோரையுமா? கேட்பவரும் ஆண், சொல்பவரும் ஆண்.

பெண் பேசும் மசலாக்களும் நம்மிடம் உண்டு. 'நூறு மசலா'வில் இளவரசி கேட்கிறாள். விடை சொல்பவனுக்கு அவளே பரிசு. இதைவிட என்னை உறுத்துவது 'வெள்ளாட்டி மசலா'. வெள்ளாட்டி என்றால் அடிமைப்பெண். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தவத்துத் கதைதான் இதற்கு மூலம். சொத்தையெல்லாம் தொலைத்த எசமானனைக் காப்பாற்ற, தன்னைப் பத்தாயிரம் தினாருக்குக் கலீபாவிடம் விற்கச் சொல்கிறாள் அவள். குர்ஆன், சட்டம், மருத்துவம், வானியல் என எதில் கேட்டாலும் அறிஞர்களைத் தோற்கடித்து அவர்களின் அங்கியைக் கழற்ற வைக்கிறாள். வேண்டியதைக் கேள் என்கிறார் கலீபா. எசமானனிடமே அனுப்பிவிடுங்கள் என்கிறாள்! அரசவையில் இடம் கிடைப்பது அவனுக்கு.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "இவ்வளவு தெரிஞ்சவளுக்கு விடுதலை கேக்கத் தெரியலையா மேடம்?" என்றாள். காடாம்புலியூரிலிருந்து வருபவள், முந்திரிக் கொட்டை உடைப்பவரின் மகள், திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டுட்டு எங்கடி போவா?" எந்த ஆய்வுக் கட்டுரையைவிடவும் இந்த இரண்டு வரி எனக்குப் பெரிது. அவளுடைய அறிவைக் கதை கொண்டாடுகிறது, அந்த அறிவோடு அவள் போய் வாழ ஓரிடம் வைக்கவில்லை.

கச்சிப் பிள்ளையம்மாளும் கீழக்கரை ஆசியா உம்மாளும் ஞானப் பாடல் எழுதிய மொழி இது. நம் பாடத்திட்டங்களோ பெரும்பாலும் சீறாப்புராணத்தோடு நின்றுவிடுகின்றன.

சமுத் பாடப்பட்ட அதே ஜாவாவில், ஜெப்பாரா ஊரின் கார்த்தினி 1899இல், இருபது வயதில், ஒரு கேள்வி எழுப்பினார்: பொருள் சொல்லாமல் குர்ஆனை ஓத மட்டும் ஏன் கற்றுக்கொடுக்கிறீர்கள்? சுற்றியிருந்தவர்களிடம் அதைக் கேட்க முடியவில்லை. நேரில் பார்த்தேயிராத டச்சுத் தோழி ஒருத்திக்கு, டச்சு மொழியில், கடிதமாகத்தான் எழுத முடிந்தது.