கணுக்காலைப் படிக்கும் கட்டைவிரல்

பூதலூர்ப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் பையன்கள் பந்தோடு இறங்கிவிடுவார்கள். வெடித்த மண்ணில் கால் பிசகுவது சகஜம். வேலை முடித்து, சாயங்காலம் மட்டும் பையன்கள் அணிக்குக் கைகொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டின் கட்டைவிரலை அப்போது பார்க்க வேண்டும்.

வீங்கிய இடத்துக்கு அது நேரே பாய்வதில்லை. இருபுறக் கணு எலும்பின் பின்விளிம்பையும் நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் வரை நிதானமாக அழுத்தும். பிறகு சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடுவிளிம்பில் துருத்தும் எலும்பு. அப்புறம் உள்பக்கப் படகெலும்பு. "தம்பி, நாலு எட்டு நடந்து காட்டுப்பா." எலும்பில் வலியில்லை, நடக்கவும் முடிகிறது என்றால் எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட முறை இது. தஞ்சாவூர் பஸ் செலவும் அப்பாவின் ஒருநாள் கூலியும் இதில் மிச்சம். எவ்வளவு பெரிய உதவி!

வளரும் பிள்ளைகளிடம் அந்த விரல் இன்னும் நிதானிக்கும். அவர்கள் எலும்பின் முனையருகே வளர்தட்டு குருத்தெலும்பாகவே இருக்கும். அங்கே அடிபட்டால் சுளுக்கு மாதிரியே தோன்றும். எக்ஸ்ரேயிலும் சிலசமயம் பிடிபடாது. அதனால் வெளிக்கணு நுனிக்குச் சற்று மேலே வலித்தால், பையன் எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது.